காண்போரைச் சூழும் காட்சி: பரங்குன்றம் முதல் துன்ஹுவாங் வரை

முன்னுரை

மக்கள் ஓரிடத்தில் கூடி, எழுதி வைக்கப்பெற்ற ஓவியங்களைக் கண்டு, அவற்றின் பொருளைக் கேட்டு அறிந்தனர் என்பதற்குத் தமிழில் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் ஒன்று பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல். நப்பண்ணனார் இயற்றி, மருத்துவன் நல்லச்சுதனார் இசை வகுத்த அப்பாடல், செவ்வேளை வழிபடப் பரங்குன்றம் ஏறும் மக்கள் திரளைக் காட்டுகிறது. குன்றத்தின் ஓவிய மண்டபத்தில் சிலர் ஞாயிறு முதலாகிய கோள்களின் நிலையை ஆராய்கின்றனர். வேறு சிலர் இரதி யார், காமன் யார் என வினவ, உடன் வந்தோர் விடை கூறுகின்றனர். பூனை உருக்கொண்ட இந்திரன், அகலிகை, சினந்து நிற்கும் கௌதமன், கல்லாகிப் போன வடிவம் எனக் கதை ஒன்று படிப்படியாக விளக்கப்படுகிறது. வந்தவர் விரல் நீட்டிக் கேட்பதும் அறிந்தவர் எடுத்துரைப்பதுமாக அம்மண்டபம் ஒலிக்கிறது.

இன்றைய அருங்காட்சியகங்கள் மேற்கொண்டுள்ள பெருமுயற்சி ஒன்றை மதிப்பிட இப்பழங்காட்சி தக்க உரைகல்லாக அமைகிறது. பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதோடு நின்ற அருங்காட்சியகம், கணினியின் துணையால் காண்பவரைக் காட்சியின் நடுவே நிறுத்தத் தொடங்கியுள்ளது. சுவரெங்கும் ஒளிப்படம் விரிகிறது. கண்ணில் அணியும் கருவி வேறோர் உலகைக் காட்டுகிறது. கையிலுள்ள கணினி, சிதைந்த சிற்பத்தின் முழுமையைத் திரையில் வரைகிறது. காண்பவரைச் சூழ்ந்து நிற்பதால் இவற்றைச் சூழ்காட்சி எனக் குறிக்கலாம். இச்சூழ்காட்சி வியப்பை மட்டும் தருகிறதா, அறிவையும் தருகிறதா என்னும் வினாவுக்கு வரலாற்றின் வழியே விடை தேடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருட்கை என்னும் வாயில்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையையும் ஒன்றாக வைத்தார். புதியது, பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாய் மாறுவது என்னும் நான்கையும் அதன் நிலைக்களன்களாகக் கூறினார். சூழ்காட்சி இந்நான்கையும் ஒருங்கே கையாளுகிறது. காணாத இடத்தைப் புதிதாகக் காட்டுகிறது. சுவர் ஓவியத்தை மாளிகையளவு பெரிதாக்குகிறது. தூரிகையின் ஒரு கீற்றை நுணுகிக் காட்டுகிறது. இடிந்ததை எழுந்ததாக மாற்றுகிறது. ஆதலின் இக்கலை மருட்கையை எளிதில் விளைவிப்பதில் வியப்பில்லை. மருட்கை அறிவின் வாயில் என்பதும் உண்மை. ஆயினும் வாயிலிலேயே நின்றுவிட்டவர் வீட்டைக் கண்டவர் ஆகார்.

வட்ட மண்டபத்தில் ஒரு போர்

சூழ்காட்சி கணினியோடு பிறந்ததன்று. இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர், காண்பவரைச் சுற்றி வளைத்து நிற்கும் வட்ட ஓவிய முறைக்கு 1787ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ‘பனோரமா’ என்று பெயர் பெற்ற அம்முறைக்கெனவே 1793இல் இலண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் வட்டக் கட்டடம் ஒன்று எழுந்தது. பார்வையாளர் இருண்ட வழியாக நடந்து நடுமேடையை அடைவர். ஓவியத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் கண்ணுக்குத் தெரியாவண்ணம் மறைக்கப்பட்டிருக்கும். விளிம்பு தெரியாதபோது ஓவியம் என்னும் உணர்வும் மறைகிறது. இன்று கண்ணில் அணியும் மெய்நிகர் கருவியும் இதே உத்தியையே கையாளுகிறது.

இம்முறையின் ஆற்றலையும் குறையையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்று தென்னிந்தியாவோடு தொடர்புடையது. 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மாண்டார். அடுத்த ஆண்டே, இராபர்ட் கெர் போர்ட்டர் என்னும் இளம் ஓவியர் அம்முற்றுகையை ஏறத்தாழ 120 அடி நீளமுள்ள திரையில் தீட்டி, இலண்டன் லைசியம் அரங்கில் காட்சிக்கு வைத்தார். அவர் சீரங்கப்பட்டணத்தைக் கண்டவரல்லர். ஆயினும் கட்டணம் செலுத்தி உள்ளே சென்ற இலண்டன் மக்கள் அக்கோட்டை மதிலின் முன்னே தாமே நிற்பதாக உணர்ந்தனர். போரை விளக்கும் குறிப்பேடும் அவர்களுக்கு விற்கப்பட்டது.

அவ்விளக்கம் வென்றவரின் விளக்கம். மதிலுக்கு உள்ளே இருந்தவர் என்ன கண்டார் என்று கேட்பதற்கு அம்மண்டபத்தில் இடமில்லை. கேட்டிருப்பினும் விடை சொல்வார் எவருமில்லை. பரங்குன்றத்து மண்டபத்தில் ஓவியம் வினாவை எழுப்பியது. இலண்டன் மண்டபத்தில் ஓவியம் வினாவை விழுங்கியது. சூழ்ந்து நிற்பதனாலேயே ஒரு காட்சி மெய்யாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூச்சால் நலிந்த ஓவியம்

இருபதாம் நூற்றாண்டில் இக்கலைக்குப் புதியதொரு தேவை பிறந்தது. பிரான்சு நாட்டின் மோந்திஞ்ஞாக் ஊருக்கு அருகே, 1940ஆம் ஆண்டு செப்டம்பரில், இளைஞர் சிலர் லாஸ்கோ குகையைக் கண்டறிந்தனர். பதினேழாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டனவாகக் கருதப்பெறும் காளைகளும் குதிரைகளும் மான்களும் அதன் சுவர்களில் உயிர்ப்புடன் நின்றன. ஒரு காளையின் நீளம் மட்டும் 5 மீட்டருக்கு மேற்பட்டது. 1948இல் குகை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1950களின் நடுவில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

வந்தவர் எவரும் சுவரைச் சுரண்டவில்லை. வண்ணத்தைத் தொட்டு அழிக்கவில்லை. அவர்கள் மூச்சு விட்டனர், அவ்வளவே. மூச்சிலிருந்த கரியமில வாயுவும் ஈரமும் உடலின் வெப்பமும் குகையின் காற்றை மாற்றின. விளக்கொளியில் பச்சைப் பாசி படர்ந்தது. சுவரில் வெண்ணிறச் சுண்ணப்படலம் படியத் தொடங்கியது. பல்லாயிரம் ஆண்டு நிலைத்த ஓவியம், பதினைந்து ஆண்டுப் பார்வையைத் தாங்கவில்லை. பண்பாட்டு அமைச்சராக இருந்த எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ 1963ஆம் ஆண்டு குகையை மூடச் செய்தார். அதன் பின்னரும் துன்பம் முற்றிலும் தீர்ந்திலது. 2001இல் குகையினுள் பூஞ்சை பரவியது. அதனைக் கட்டுப்படுத்த நெடுங்காலம் போராட வேண்டியதாயிற்று.

காண விரும்பும் அன்பே காணப்படும் பொருளுக்குக் கேடாகும் இந்நிலை, கலை வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று. ஓவியத்தை மக்களுக்கு மறுத்துவிடுவதா, மக்களுக்காக ஓவியத்தை இழந்துவிடுவதா என்னும் இருதலைக்கொள்ளியிலிருந்து மீளும் வழியாகவே படியெடுத்தல் தோன்றியது. மூலக் குகைக்கு 200 மீட்டர் தொலைவில், அதன் இரு முதன்மைப் பகுதிகளின் படி ஒன்று 1983இல் திறக்கப்பட்டது. மோனிக் பெய்த்ரால் என்னும் ஓவியர் பத்தாண்டுக் காலம் உழைத்து அதன் ஓவியங்களைத் தீட்டினார். 2016ஆம் ஆண்டு டிசம்பரில், குன்றின் அடிவாரத்தில், கணினி அளவீட்டைக் கொண்டு உருவாக்கப்பட்ட விரிவான படி திறக்கப்பட்டது. அங்குக் காற்றும் குளிர்ச்சியும் குகையை நினைவூட்டுமாறு அமைக்கப்பட்டுள்ளன. பார்வையாளர் கையில் ஏந்தும் கணினி, கண் தவறவிடும் மெல்லிய கீறல் உருவங்களை அடையாளம் காட்டுகிறது.

லாஸ்கோ கற்பித்த பாடம் வீண்போகவில்லை. 1994ஆம் ஆண்டு டிசம்பரில் தென்கிழக்குப் பிரான்சில் ஷோவே குகை கண்டறியப்பட்டபோது, அது பொதுமக்களுக்குத் திறக்கப்படவே இல்லை. அதன் படியே 2015இல் திறக்கப்பட்டது. மக்கள் மூச்சுப் படாத ஓவியம், மக்கள் கண் படும் படியின் வழியாக அறியப்படலாயிற்று.

துன்ஹுவாங்கின் நெறி

பிரான்சு படியை மூலத்திற்கு மாற்றாக வைத்தது. சீனம் வேறொரு நெறியைக் கண்டது. படியை மூலத்திற்கு முன்னுரையாக வைத்தது.

கோபிப் பாலைவனத்தின் ஓரத்தில், பட்டுவழியின் மீது அமைந்த துன்ஹுவாங் நகரின் அருகே மொகாவோ குகைகள் உள்ளன. கி.பி. 366இல் தொடங்கியதாகக் கூறப்பெறும் குடைவுப்பணி ஆயிரம் ஆண்டுகள் தொடர்ந்தது. 492 குகைகளில் ஓவியங்களும் சுதைச் சிற்பங்களும் எஞ்சியுள்ளன. ஓவியப் பரப்பு 45,000 சதுர மீட்டர். வண்ணச் சுதையுருவங்கள் 2,000க்கு மேற்பட்டவை. பெரும்பாலானவை சிறு குகைகள். நாற்பதுபேர் நுழைந்தாலே காற்று மாறிவிடும்.

1963இல் இளம் பட்டதாரியாக அங்குச் சென்று, 1998 முதல் 2014 வரை துன்ஹுவாங் ஆய்வுக்கழகத்தின் தலைவராக விளங்கிய ஃபான் சின்ஷி அம்மையார், குகைகளைக் கணினியில் பதிவுசெய்யும் பணிக்கு வித்திட்டவர். சுவர்கள் சிறுசிறு பகுதிகளாக நுண்ணிய ஒளிப்படங்களாக எடுக்கப்பட்டுக் கணினியில் இணைக்கப்பட்டன. முதலில் இப்பணியின் நோக்கம் பாதுகாப்பே. அழியக்கூடியதன் உருவையேனும் அழியாது வைத்தலே. பின்னரே அப்பதிவு மக்களுக்குக் கற்பிக்கும் கருவியுமாயிற்று.

2014இல் குகைகளிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் கணினிக் காட்சி மையம் திறக்கப்பட்டது. வருவோர் முதலில் அங்கு இரு படங்களைக் காண்பர். ஒன்று பட்டுவழியின் வரலாற்றையும் குகைகள் எழுந்த கதையையும் கூறும். மற்றொன்று கவிகை வடிவத் திரையில், தலைக்கு மேலும் பக்கங்களிலும் விரிந்து, குகைகளின் உட்புறத்தைக் காட்டும். அதன் பின்னர் வண்டியேறி மூலக் குகைகளை அடைவர். அங்கு ஒளியமைப்பு இல்லை. வழிகாட்டியின் கைவிளக்கு ஒன்றே. காணப்பெறும் குகைகள் சில. ஒவ்வொன்றிலும் நிற்கும் நேரம் சில நிமிடங்கள். நாளொன்றுக்கு இத்தனைபேர் என்னும் வரம்பும் உண்டு.

இவ்வரிசைமுறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. படத்தில் பெரிதாகவும் ஒளியுடனும் கண்டவர், குகையினுள் மங்கலாகவும் சிறிதாகவும் காண்கிறார். ஆயினும் அவருக்கு ஏமாற்றம் தோன்றவேண்டுவதில்லை. எதனை நோக்க வேண்டும் என்பதை அறிந்தே அவர் நுழைகிறார். சில நிமிடப் பார்வை முன்னறிவினால் செறிவு பெறுகிறது. பாட்டின் சூழலை விளக்கும் துறைக்குறிப்பை அறிந்தபின் சங்கப்பாட்டைப் படிப்பதைப் போன்றது அது. துறைக்குறிப்பு பாட்டாகாது, எனினும் அதன் துணையால் பாட்டு திறக்கிறது.

ஒரு குகை, ஒரு விளக்கு

துன்ஹுவாங் ஆய்வுக்கழகத்தின் பதிவுகளைக் கொண்டு, 2012இல் ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஷா, சாரா கெண்டர்டைன் ஆகியோர் ‘தூய நிலம்’ என்னும் பொருள்படும் பெயரில் சூழ்காட்சி ஒன்றை அமைத்தனர். அதில் காட்டப்பெறுவது 220ஆம் குகை. அக்குகைக்கே ஒரு வரலாறு உண்டு. பிற்காலத்தவர் அதன் சுவரில் வேறு ஓவியம் எழுதியிருந்தனர். 1940களில் அம்மேற்படலம் நீக்கப்பட்டபோது, 642ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துடன் தாங் காலத்து ஓவியம் வெளிப்பட்டது.

ஏறத்தாழ 10 மீட்டர் விட்டமுள்ள வட்டத்திரையின் நடுவே பார்வையாளர் நிற்பர். முதலில் குகை இருளில் இருக்கும். ஒருவர் கையிலுள்ள கருவியை நீட்ட, அது விளக்காகிச் சுவரின் ஒரு பகுதியை மட்டும் ஒளிர்விக்கும். விரும்பிய இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஓவியத்திலுள்ள இசைக்கருவி ஒன்று சுவரைவிட்டு எழுந்து சுழன்று தன் வடிவத்தையும் ஒலியையும் உணர்த்தும். மங்கிய வண்ணம் பழைய பொலிவோடு தோன்றும். ஓவியத்து ஆடல்மகளிரின் நிலையை இன்றைய நடனக் கலைஞர் ஆடிக்காட்டுவர்.

இங்கு நிகழ்ந்திருக்கும் மாற்றம் சிறிதன்று. சீரங்கப்பட்டணக் காட்சியில் அனைத்தும் ஒரேயடியாகக் காட்டப்பட்டன; பார்வையாளர் பெற்றுக்கொள்பவராக மட்டும் நின்றார். இங்கோ விளக்கு அவர் கையில் உள்ளது. எதனைக் காணவேண்டும் என்பதை அவரே தேர்கிறார். விளக்கை ஓரிடத்தில் நிறுத்துவது ‘இது யாது?’ என்று கேட்பதற்கு நிகர். உடன் நிற்பவர் தம்முள் பேசுகின்றனர். பரங்குன்றத்தில் நீண்ட விரல், இங்கே விளக்காக நீள்கிறது எனலாம்.

சான்றும் ஊகமும்

எனினும் ஓர் ஐயம் எழுகிறது. மங்கிய வண்ணம் முன்பு எவ்வாறு இருந்தது என்பது ஓரளவு ஆய்வின் முடிவு, ஓரளவு ஊகம். கணினித் திரையில் இரண்டும் ஒரே பொலிவோடு தோன்றுகின்றன. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் சிதைந்த இடத்தில் புள்ளியிட்டுக் காட்டுவர். தாம் கருதும் பாடத்தைச் சேர்ப்பின் பிறை அடைப்புக்குள் வைப்பர். உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளைப் பயின்றவர்க்கு இந்நேர்மையின் அருமை தெரியும். அடைப்புக்குறி இல்லாத பதிப்பு படிக்க இனிதாக இருக்கலாம்; நம்புவதற்கு உரியதாகாது.

கணினிக் காட்சிக்கும் இத்தகைய அடைப்புக்குறி வேண்டும் என அறிஞர் உணர்ந்தனர். 2006இல் உருவான இலண்டன் சாசனம், பண்பாட்டுச் சின்னங்களைக் கணினியில் உருவாக்கிக் காட்டுவோர்க்குரிய நெறிகளைத் தொகுத்தது. காட்டப்படுவது இன்றுள்ள நிலையா, சான்றின்வழி மீட்டமைத்ததா, கருதுகோளா என்பதைக் காண்பவர் அறியச் செய்யவேண்டும் என்பது அதன் சாரங்களுள் ஒன்று. தொழில்நுட்பம் வளர வளர இந்நெறியின் தேவையும் வளர்கிறது. மங்கலான கருத்துப்படத்தைக் கண்டவர் அதனைக் கருத்துப்படம் என்றே கொள்வர். தெளிவான காட்சியைக் கண்டவரோ அதனையே வரலாறு என்று கொண்டுவிடுவர்.

தஞ்சைச் சுவர்

மூச்சுக்கு அஞ்சும் ஓவியம் தமிழகத்திலும் உண்டு. 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த குறுகிய இருண்ட திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் படலத்தின் அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னர்த் தொல்லியல் துறையின் வேதியியலாளர் மேற்படலத்தை அழிக்காமலே பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் பொருத்தும் முறையைக் கையாண்டனர். ஒரு காலத்தின் கலையைக் காட்ட மற்றொரு காலத்தின் கலையைப் பலியிடாத பணி அது. அத்திருச்சுற்று பொதுமக்கள் பார்வைக்குப் பொதுவாகத் திறக்கப்படுவதில்லை.

அச்சுவரில் சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை செல்லும் காட்சி உள்ளது. சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்திற்கு முன்பே எழுதப்பட்டது அது. யானை அனுப்பப்பெற்ற செய்தியோ அதற்கும் முன்பே சுந்தரரின் நொடித்தான்மலைப் பதிகத்தில் இடம்பெற்றுவிட்டது. பதிகம், ஓவியம், காப்பியம் என மூன்று நிலைகளில் ஒரு கதை வளர்ந்த வரலாறு அச்சுவரில் அடங்கியுள்ளது. 220ஆம் குகையைப் போலவே இங்கும் இரு காலத்து ஓவியங்கள் ஒரு சுவரில் அடுக்கப்பட்டிருந்தன.

இதனைச் சூழ்காட்சியாக அமைப்பின், கையில் விளக்குடன் வரும் மாணவர் நாயக்கர் ஓவியத்தையும் அதன் அடியிலிருந்த சோழர் ஓவியத்தையும் மாறிமாறிக் காணலாம். யானைமீது இருப்பவர் யார் என்று கேட்கலாம். விடையாகப் பதிகம் ஓதுவார் குரலில் ஒலிக்கலாம். கீழடியில் 2023ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், அகழ்பொருள்களோடு தொடுதிரைகளையும் அசைவூட்டப் படங்களையும் இணைத்து வைத்துள்ளது. கருவிகள் தமிழகத்திற்கு வந்துவிட்டன. அவற்றின் வழியே பேசப்படும் சொல் எத்தகையது என்பதே இனி எஞ்சும் வினா.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் தெளிவாகின்றன. சூழ்காட்சி இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அது வென்றவரின் குரலாகவும் பயன்பட்டது. நலியும் ஓவியத்தைக் காக்கும் அரணாகவும் பயன்பட்டது. மூலத்தைக் காத்து, மூலத்தை நோக்கி மக்களை ஆற்றுப்படுத்தும் காட்சியே கல்வியாகிறது. படி நன்றாக இருக்கிறதென்று மூலத்தைக் கைவிடுவது, உரை கிடைத்ததென்று பாட்டை எரிப்பதற்கு ஒப்பாகும்.

காட்சி எவ்வளவு விரிந்தாலும் விளக்கம் சொல்லால் ஆவது. திரைக்குப் பின்னிருந்து ஒலிக்கும் உரையை எவரோ எழுதவேண்டும். அவ்வுரை வேற்றுமொழியிலிருந்து விரைந்து பெயர்க்கப்பட்ட குறிப்பாகவும் அமையலாம். கேட்பவர் நெஞ்சில் அடுத்த வினாவை எழுப்பும் தமிழாகவும் அமையலாம். பொறியாளர் விளக்கை அமைத்துத் தருவர். விளக்கு விழுந்த இடத்தில் சொல்லவேண்டியதைச் சொல்பவர் சொல்லறிந்தவராக இருத்தல் வேண்டும். பத்தாண்டுக் காலம் சொல்லைப் பேணிவரும் இலக்கிய வட்டத்தின் கவிஞர்களுக்கு இது புறத்தே நிற்கும் பணியன்று. பரங்குன்றத்து மண்டபத்தை எழுதிய ஓவியர் பெயர் இன்று தெரியவில்லை, அவ்வோவியங்களும் எஞ்சவில்லை. அங்கே மக்கள் கேட்டதும் அறிந்ததும் நப்பண்ணனாரின் சொல்லினால் மட்டுமே நிலைத்துள்ளன.